கடற்குளிருக்கு ஒரு கம்பளி உடை

பாளையங்கோட்டையில் படித்தவர் எவருக்கும் சவேரியார் என்னும் பெயர் புதிதன்று. 1923இல் தொடங்கப்பட்ட கல்லூரி, அதற்கும் முந்திய பள்ளி, பேராலயம் என நகரின் பல முகவரிகள் அப்பெயரிலேயே வழங்குகின்றன. ஆயினும், அப்பெயருக்கு உரியவர் தம் வாழ்வின் கடைசிப் பதினோராண்டுகளில் நெடுங்காலத்தைப் பாய்மரக் கப்பல்களிலும் தோணிகளிலும் கழித்தவர் என்பதை நினைப்பவர் குறைவு. அவரைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் அவர் என்ன போதித்தார் என்று சொல்பவை. அவர் கடலில் என்ன உடுத்தினார் என்று தேடிப் படித்தபோது, நெல்லைக் கடற்கரைக்கு இன்றும் வேண்டிய ஒரு பாடம் அதில் இருப்பதாக எனக்குத் தோன்றியது.

பிரான்சிஸ் சவேரியார் 1506 ஏப்ரல் 7 அன்று, இன்றைய ஸ்பெயினின் வடபகுதியில் அன்று தனி அரசாக விளங்கிய நவாரில், சேவியர் என்னும் கோட்டையில் பிறந்தார். தந்தை அந்நாட்டு மன்னரின் ஆலோசகர். பிள்ளைக்கு ஆறு வயதானபோது காஸ்டில் படைகள் நவாரைக் கைப்பற்றின. தந்தை 1515இல் மறைந்தார். அடுத்த ஆண்டே குடும்பக் கோட்டையின் மதில்களும் கோபுரங்களும் இடிக்கப்பட்டன. பட்டும் பதவியும் எவ்வளவு விரைவில் கைநழுவும் என்பதைப் பாடநூலில் படிக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லாமற்போயிற்று.

1525இல் பாரிஸ் சென்று புனித பார்பரா கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பின்னாளில் ஒரே அறையில் உடன் தங்கியவர் இக்னேஷியஸ் லயோலா. இருவரும் வேறு ஐவரும் 1534 ஆகஸ்ட் 15 அன்று வறுமையை நோன்பாக ஏற்றனர். இயேசு சபை பிறந்தது இந்தச் சிறு கூட்டத்திலிருந்துதான். 1540இல் போர்த்துகல் மன்னர் இந்தியாவுக்கு ஆள் கேட்டபோது முதலில் குறிக்கப்பட்டவர் வேறொருவர். அவர் நோயுற்றதால் சவேரியாரின் பெயர் வந்தது. கிளம்புவதற்குக் கிடைத்த அவகாசம் ஏறத்தாழ ஒரு நாள். அந்த ஒரு நாளில் அவர் செய்த பயண ஏற்பாடு, தம் பழைய கால்சட்டையையும் கிழிந்த அங்கியையும் ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொண்டதே என்று அக்காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள்.

லிஸ்பனில் நிலைமை வேறு. அவர் அங்கே மன்னரின் விருந்தாளி. போப்பின் தூதர் என்னும் நியமனமும் வந்து சேர்ந்திருந்தது. கப்பல்களுக்கு வேண்டியவற்றைக் கவனித்துவந்த காஸ்தன்யேரா பிரபு, நெடும்பயணத்துக்குத் தேவையான அனைத்தையும் பட்டியலிட்டுத் தருமாறு வற்புறுத்தினார். சவேரியார் ஒவ்வொன்றாக மறுத்தார். ஒரு பணியாளையாவது ஏற்றுக்கொள்ளுங்கள், போப்பின் தூதர் கப்பலின் மேல்தளத்தில் நின்று தம் துணியைத் தாமே துவைப்பது மரியாதைக் குறைவு என்று பிரபு எடுத்துச் சொன்னார். இந்த மரியாதைக் கணக்குகள்தாம் திருச்சபையை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தன என்னும் பொருளில் விடை அமைந்தது. கடைசியில் அவர் பெற்றுக்கொண்டவை சில நூல்களும், நன்னம்பிக்கை முனையின் குளிருக்கென ஒரு முரட்டுக் கம்பளி உடையும் மட்டுமே.

இந்தக் கம்பளி உடையில்தான் என் கவனம் நின்றது. பணியாளை மறுத்தவர், பணத்தை மறுத்தவர், நல்ல அங்கியை மறுத்தவர், இதை மட்டும் ஏன் மறுக்கவில்லை? துறவின் பெருமைக்காக அதையும் தள்ளியிருந்தால், வரலாறு அவரைக் கூடுதலாகப் புகழ்ந்திருக்கவும் கூடும். ஆனால், மரியாதைக்கு உடுத்துவது வேறு, உயிருக்கு உடுத்துவது வேறு என்று அவர் பிரித்து அறிந்திருந்தார். முன்னதை விட்டார், பின்னதை எடுத்துக்கொண்டார்.

1541 ஏப்ரல் 7, அவருடைய முப்பத்தைந்தாம் பிறந்தநாள். அன்றுதான் புதிய ஆளுநர் மார்ட்டின் அபோன்சோ டி சௌசாவுடன் சாந்தியாகோ என்னும் கப்பலில் பயணம் தொடங்கிற்று. முதல் இரு மாதம் கடல்நோய் அவரை வாட்டியது. கினி நாட்டுக் கரைக்கு அப்பால் காற்று அற்றுப்போய், வெந்து கிடந்த கடலில் கப்பல் அசையாது நின்றது. பின்னர் தெற்கே இறங்கி, ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்ற வேண்டும். ஏப்ரலில் லிஸ்பனை விட்டவர்கள் அம்முனையை அடையும்போது தென்கோளத்தில் நடுக் குளிர்காலம். வெப்பமண்டலத்தில் உருகிய அதே உடல்கள் சில வாரங்களில் பனிக்காற்றில் விறைக்கும். அலை மேல்தளத்தில் ஏறி அடிக்கும்போது நனையாத துணி என ஒன்று இராது. மொசாம்பிக்கில் பல மாதம் தங்கி, நோயாளிகளிடையே தாமும் நோயாளியாகக் கிடந்து, 1542 மே 6 அன்று அவர் கோவாவை அடைந்தார். பதின்மூன்று மாதப் பயணம் அது.

அந்த முரட்டுக் கம்பளி எவ்வாறு உதவியிருக்கும் என்பதை இன்றைய உடலியல் தெளிவாகச் சொல்கிறது. மனித உடலின் உள்வெப்பம் 37 டிகிரி செல்சியஸ். அது 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கைகால் தளரும், பேச்சு குழறும், அறிவு மங்கும். அசையாத காற்றைக் காட்டிலும் தண்ணீர் ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு வேகமாக உடல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. நனைந்த துணியின் மீது காற்று வீசினால், ஈரம் ஆவியாகும்போது அந்த ஆவியோடு வெப்பமும் போகிறது. பருத்தி நனைந்தால் உடலோடு ஒட்டிக்கொண்டு குளிரைக் கூட்டும். கம்பளியின் சுருண்ட இழைகளோ நனைந்த பின்னும் தம்முள் சிறிது காற்றைப் பிடித்து வைத்திருக்கும். அந்தச் சிறிது காற்றுதான் உயிர்ச்சூடு.

அதே நன்னம்பிக்கை முனையை ஒட்டிய கேப்டவுன் இன்று காற்றை நம்பி விளையாடும் கடல் வீரர்களின் தலைநகரங்களுள் ஒன்று. பாய்ப்பலகை ஏறுவோரும், பட்டம் இழுக்கப் பலகையில் விரைவோரும் உலகெங்குமிருந்து அங்கே திரள்கிறார்கள். கோடையில் கரையில் சுள்ளென்று வெயில் அடிக்கும். ஆனால், அங்கே பலமாக வீசும் தென்கிழக்குக் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ள, அடியாழத்துக் குளிர்நீர் மேலேறும். வெயில் காய்கின்ற நாளிலும் நீர் 15 டிகிரிக்குக் கீழே இருக்கும். அத்தகைய நீரில் திடீரென விழுபவர் தம்மை அறியாமல் மூச்சை இழுப்பார். அந்த இழுப்பில் நீர் உட்புகுந்தால், நீந்தத் தெரிந்தவரும் முதல் சில நிமிடங்களிலேயே மூழ்கக்கூடும். ஆகவே, கரையின் வெயிலைப் பார்த்து உடுத்தாதே, நீரின் குளிரைப் பார்த்து உடுத்து என்பது அவ்விளையாட்டின் முதல் விதியாயிற்று. சவேரியாரும் அதையே செய்தார். லிஸ்பனின் வசந்தத்தில் நின்றுகொண்டு, மூன்று மாதம் கழித்து வரப்போகும் கடலுக்காக உடை வாங்கினார்.

கோவாவிலிருந்து அவர் 1542ஆம் ஆண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அன்று மணப்பாடு, ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல், தூத்துக்குடி எனத் தொடர்ந்த கடற்கரை அது. 1986இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை அவ்வூர்கள் அனைத்தும் திருநெல்வேலியைச் சேர்ந்தவையே. மணப்பாட்டுக் குன்றின்மேல் நிற்கும் சிலுவைக்கு ஓர் ஊர் மரபு உண்டு. அவர் வருவதற்குச் சற்று முன்பு புயலில் சிக்கித் தப்பிய போர்த்துகீசியக் கப்பலொன்றின் முறிந்த பாய்மரத்தைக் கொண்டு அங்கே முதற்சிலுவை நடப்பட்டது என்பர். அக்குன்றின் கடற்புறக் குகையில் அவர் தங்கியதாகவும் சொல்வர். காற்றின் வலிமையை நினைவூட்டும் இடத்திலேயே அவருடைய தமிழகப் பணி தொடங்கியது.

இக்கரையில் அவருக்குக் கம்பளி தேவைப்படவில்லை. எளிய நீள அங்கியுடன், பெரும்பாலும் வெறுங்காலில் மணலில் நடந்தார். பரதவரின் உடையோ அதைவிடச் சுருக்கம். பங்குனி, சித்திரையில் கடல் அடங்கியிருக்கும்போது சலாபம் நடக்கும். நள்ளிரவுக்குப் பின் கரையிலிருந்து வீசும் காற்றில் பாய் விரித்துத் தோணிகள் முத்துப்பார்களுக்குச் செல்லும். பிற்பகலில் கடலிலிருந்து வீசும் காற்று அவற்றைக் கரைக்குக் கொண்டுவரும். இடையில், இடுப்புத்துணி ஒன்றுடன், கல்லின் பாரத்தால் ஆழத்தில் இறங்கி, ஒரே மூச்சில் சிப்பிகளை வாரிக்கொண்டு மேலே வருவது குளியாளின் தொழில். மன்னார் வளைகுடா நீர் வெதுவெதுப்பானது என்றாலும் உடலின் சூட்டைவிடக் குறைந்ததுதான். நாளெல்லாம் முக்குளிப்பவரிடமிருந்து அது சிறுகச் சிறுக வெப்பத்தைக் களவாடும்.

அந்தக் குளியாட்களின் உழைப்பிலிருந்து ஒரு தொகை, ஆண்டுக்கு 4,000 பணம், போர்த்துகல் அரசியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. கடலுக்குள் வெறுங்காலுடன் இறங்குபவர் ஈட்டியது, கடலையே காணாத கால்களுக்கு அணியாயிற்று. சவேரியார் அரசிக்கு எழுதி, அத்தொகையை இக்கரைச் சிறுவர்களுக்குக் கற்பிக்கும் உபதேசியார்களின் ஊதியத்துக்குத் திருப்பச் செய்தார். எந்த உடை தேவை, எந்த உடை ஆடம்பரம் என்னும் கேள்வியை இங்கும் அவர் எழுப்பியதாகவே இதை நான் பார்க்கிறேன்.

1544 ஜூன் மாதத்தில் நடந்தது அவருடைய வாழ்வில் நெல்லைக் கடற்கரை மறக்கக்கூடாத நிகழ்ச்சி. வடக்கிலிருந்து வந்த படைகள் கன்னியாகுமரிப் பகுதி மீனவரைத் தாக்கின. மக்கள் கடலிலுள்ள பாறைகளுக்குத் தப்பியோடி, உணவும் நீருமின்றித் தவித்தனர். செய்தி அறிந்ததும் சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவும் நீரும் ஏற்றிப் புறப்பட்டார். ஆனால், அது தென்மேற்குப் பருவக்காற்றின் உச்சகாலம். எதிர்க்காற்று பாயை மடக்கியது. துடுப்புப் போட்டும், கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும் தோணிகள் முனையை எட்டவில்லை. திரும்பி வந்தவர் கால்நடையாகவே தெற்கே சென்று, எஞ்சியோரைச் சந்தித்து உதவினார். கடலில் மன உறுதி மட்டும் போதாது, காற்றும் இடம்கொடுக்க வேண்டும் என்பதை அவர் இக்கரையில் கற்றார்.

அவருடைய சமயப்பணி பற்றி வரலாற்றாசிரியர்களிடையே கடுமையான கருத்து வேறுபாடுகள் உண்டு. பிற சமயங்களை அவர் நோக்கிய முறையும், கோவாவில் சமய விசாரணை மன்றம் வேண்டுமென்று அவர் மன்னருக்கு எழுதியதும் இன்றும் விவாதிக்கப்படுகின்றன. அவ்விவாதம் தேவையானது. ஆனால், அது தனியே பேச வேண்டியது. கடலோடியாகிய மனிதரை மட்டும் இங்கே தொடர்கிறேன்.

1545இல் மலாக்காவுக்கும், பின்னர் மலுக்குத் தீவுகளுக்கும் சென்றார். 1548இல் மீண்டும் மணப்பாடு வந்து உடன்பணியாளர்களைச் சந்தித்தார். 1549 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். 1550 டிசம்பரில், பேரரசரைக் காணும் நோக்குடன் யமகுச்சியிலிருந்து தலைநகரான மியாகோவுக்கு, இன்றைய கியோட்டோவுக்கு, கிளம்பினார். போதிய உடையில்லை. பனியில் நடந்து கால்கள் வீங்கிக் குருதி கசிந்தன. அங்கே சென்றும் கந்தையணிந்த அயலாரை அரண்மனை வாயிலில் எவரும் மதிக்கவில்லை. திரும்பியவர் 1551இல் யமகுச்சியின் ஆட்சியாளரை மீண்டும் காணச் சென்றார். இம்முறை சிறந்த ஆடையுடன், கடிகாரம் முதலிய பரிசுகளை ஏந்தி, ஆளுநரின் தூதராகவே சென்றார். பேசுவதற்கு அனுமதி கிடைத்தது. லிஸ்பனில் மரியாதைக்கான உடையை மறுத்தவர் யமகுச்சியில் அதை ஏற்றார். உடையை அவர் வழிபடவுமில்லை, வெறுக்கவுமில்லை. சூழலுக்கு வேண்டிய கருவியாகவே கண்டார்.

கடைசிப் பயணம் சீனத்தை நோக்கி அமைந்தது. அந்நாட்டினுள் அயலார் நுழையத் தடை இருந்தது. 1552ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சாந்தா குரூஸ் என்னும் கப்பலில் சென்று, கான்டன் நகருக்குத் தெற்கேயுள்ள சாங்சுவான் தீவில் இறங்கினார். கள்ளத்தனமாகக் கரைசேர்க்க ஒப்புக்கொண்ட வணிகன் வரவேயில்லை. நவம்பரில் மற்றக் கப்பல்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டுவிட்டன. வாடைக்குளிர் ஏறியது. காய்ச்சல் கண்டது. கப்பலுக்குச் சென்று படுத்துப் பார்த்தார். அதன் ஆட்டம் தாங்காமல் மறுநாளே கரைக்குத் திரும்பினார். அப்போது அவர் கையிடுக்கில், குளிருக்காகக் கப்பலில் எவரோ தந்த ஒரு தடித்த துணிக் கால்சட்டையும், கையில் சிறிது வாதுமைப் பருப்பும் இருந்தன என்று, கடைசிவரை உடனிருந்த சீனரான அந்தோனியோ பின்னாளில் எழுதினார். காற்று புகும் ஓலைக்குடிசை ஒன்றில், டிசம்பர் 3 விடியற்காலையில், நாற்பத்தாறாம் வயதில் அவர் உயிர் பிரிந்தது. ஒட்டுப்போட்ட கால்சட்டையுடன் ரோமிலிருந்து தொடங்கிய பயணம், இரவலாகப் பெற்ற கால்சட்டையுடன் முடிந்தது. இம்முறை குளிருக்கான உடை காலம் கடந்து வந்தது.

அவர் இறந்து சரியாக நானூறு ஆண்டுக்குப் பின், 1952ஆம் ஆண்டையொட்டி, கலிபோர்னியாப் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் நியோபிரீன் என்னும் செயற்கை ரப்பரில் கடலுடை ஒன்றை வடிவமைத்தார். நுண்குமிழிகள் நிறைந்த அந்த ரப்பர் உடலை உலர்வாக வைப்பதில்லை. தோலுக்கும் உடைக்கும் இடையே புகும் சிறிதளவு நீரை உடலே சூடாக்கிக்கொள்ள, குமிழிகளிலுள்ள வாயு அந்தச் சூட்டை வெளியேறவிடாமல் காக்கிறது. முரட்டுக் கம்பளியின் கொள்கையேதான் இங்கும். பொருள்தான் மாறியிருக்கிறது.

அண்மை ஆண்டுகளில் மணப்பாட்டின் மணல்திட்டருகே, பட்டத்தையும் பாயையும் பிடித்து அலைமேல் பறக்கும் இளைஞர்களைக் காண்கிறேன். ஆனி, ஆடிக் காற்றில் தாமிரபரணிக் கரைத் தென்னைகள் வளையும் நாட்களில் அங்கே விளையாட்டு களைகட்டுகிறது. நம் கடலுக்குத் தடித்த ரப்பர் உடை வேண்டியதில்லை. முழுக்கைச் சட்டையோ மெல்லிய கடலுடையோ போதும். அதனுடன் மிதவைச்சட்டை கட்டாயம் வேண்டும். ஆயினும் நீர் இதமாக இருக்கிறதே என்று இதையும் தவிர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கயிறு அறுந்து, நீரோட்டம் இழுத்து, கரை கண்ணில் மறைந்த பிறகு, 28 டிகிரி நீரும் குளிர்நீரே. மணிக்கணக்கில் அது உயிர்ச்சூட்டைக் குடித்துவிடும்.

அதை நமக்குக் கற்பித்தது ஒக்கிப் புயல். 2017 நவம்பர் இறுதியில் குமரிக்கடலில் படகு கவிழ்ந்த மீனவர்கள் நாட்கணக்கில் நீரில் மிதந்தார்கள். சிலர் மீண்டார்கள். தம் கண்ணெதிரே தோழர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தளர்ந்து கைவிட்டதை மீண்டவர்கள் சொல்லக் கேட்டோம். பசியும் தாகமும் அலையும் அவர்களை வருத்தின. அவற்றோடு, ஓயாமல் வெப்பத்தை உறிஞ்சிய நீரும் காற்றும் சேர்ந்துகொண்டன. விளையாட்டுக்குச் செல்லும் இளைஞனின் உடைக்காகப் பல்லாயிரம் ரூபாய் செலவிடும் சமூகம், இரவுக் கடலுக்குக் கைலியும் பனியனுமாகச் செல்லும் மீனவனின் உடலைப் பற்றி யோசித்ததுண்டா? குளிரைத் தாங்குவது அவனுடைய வீரம் என்று புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தப் புகழ்ச்சிக்குச் செலவில்லை என்பதே அதன் வசதி.

படகின் இயந்திரத்துக்கும் எரிபொருளுக்கும் மானியம் தருகிறோம். அதேபோல, மிதவைச்சட்டையோடு சேர்த்து, காற்றும் ஈரமும் புகாத ஒரு மேலுடையும் ஒவ்வொரு கடலோடிக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும். அதைத் தொழிற்கருவியாகக் கருத வேண்டும். கடலோரப் பள்ளிகளில் நீச்சலோடு, நனைந்த உடல் எப்படிக் குளிர்கிறது, கவிழ்ந்த படகின்மேல் ஏறி நீருக்கு வெளியே இருப்பது ஏன் நல்லது, பலர் விழுந்தால் ஏன் நெருங்கி அணைத்து மிதக்க வேண்டும் என்பவற்றையும் சொல்லித்தர வேண்டும். இவை பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்களல்ல.

அன்றைய உலகின் மிக வலிய கப்பல் அரசு கையில் வைத்திருந்த எல்லாவற்றையும் கேட்டுப் பெறத்தக்க நிலையில் இருந்தவர், தடித்த கம்பளி ஒன்றை மட்டும் கேட்டு வாங்கினார். துறவிக்கே அது தேவைப்பட்டது என்றால், பிழைப்புக்காகக் கடலேறுபவனுக்கு அது சலுகையாகாது. அவனுக்கு உரியது அது.